மூலப்பத்திரம் யார் கையில் இருந்தது?
வாசகர் கேள்வி – பதில்

கலிஃபோர்னியாவின் ஃப்ரிமான்ட் நகரில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டுத் திரும்பிய செம்பூர் வாசகர் ஒருவர், அந்த ஊருக்கு அப்பெயர் வந்தது எப்படி என்று சென்ற இதழில் கேட்டிருந்தார். 1840களில் மேற்குப் பாதைகளை அளந்து வரைபடமாக்கிய ஜான் சி. ஃப்ரிமான்ட் என்ற ராணுவ அதிகாரியின் பெயர் அது என்றும், 1846இல் அவருடைய ஆட்கள் சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் பூர்வகுடி மக்களைக் கொன்று குவித்ததும் அதே பெயரோடு சேர்ந்த செய்திதான் என்றும் நான்கு வரியில் பதில் எழுதினேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் மேற்குப் பரவலுக்கே ஒதுக்க ஆசிரியர் இசைந்திருக்கிறார். நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். மும்பை கோட்டைப் பகுதியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சொத்துப் பத்திரங்களைப் படித்து வில்லங்கம் தேடியவன். எதை எடுத்தாலும் மூலப்பத்திரத்தைக் கேட்கும் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. பதில்களிலும் அந்த வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லூயிசியானா என்ற பெரும் நிலப்பரப்பை ஏக்கருக்கு மூன்று சென்ட் விலையில் அமெரிக்கா வாங்கியதாகப் படித்தேன். இரண்டு அறை வீட்டுக்கு இருபது ஆண்டுத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் எனக்கு இதை நம்ப முடியவில்லை. உண்மையா? — வங்கி ஊழியர், முலுண்ட்

கணக்கு சரிதான். 1803 ஏப்ரல் 30 தேதியிட்ட ஒப்பந்தப்படி, மிசிசிப்பி ஆற்றிலிருந்து ராக்கி மலைகள் வரை விரிந்த ஏறத்தாழ 8,28,000 சதுர மைலுக்கு அமெரிக்கா பிரான்சிடம் ஒப்புக்கொண்ட விலை ஒன்றரைக் கோடி டாலர். அதில் கால் பங்கு, பிரெஞ்சு அரசு அமெரிக்கக் குடிமக்களுக்குக் கொடுக்கவேண்டியிருந்த பழைய பாக்கியில் கழிந்தது. பிரெஞ்சுக் குடியேற்றமான ஹெய்தியில் அடிமைகளாக இருந்தவர்கள் கிளர்ந்தெழுந்து, மஞ்சள் காய்ச்சலும் துணைநிற்க, நெப்போலியன் அனுப்பிய படையை அழித்துவிட்டதால், கடலுக்கு அப்பால் பேரரசு கட்டும் ஆசையை அவர் கைவிட்டிருந்தார். பிரிட்டனோடு அடுத்த போருக்குப் பணமும் தேவைப்பட்டது. அந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுத்தவர்களில் லண்டன் பேரிங் நிறுவனமும் ஒன்று என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

விலை கிடக்கட்டும், பத்திரத்தைப் பாருங்கள். அந்த நிலம் 1800இல்தான் ஸ்பெயினிடமிருந்து பிரான்சுக்குத் திரும்ப எழுதிக் கொடுக்கப்பட்டது. வேறு நாட்டுக்குக் கைமாற்றுவதில்லை என்று பிரான்ஸ் பின்னர் வாக்களித்திருந்தது. விற்பனைச் செய்தி கேட்டதும் ஸ்பெயின் ஆட்சேபம் தெரிவித்தது. நியூ ஆர்லியன்ஸில் பிரெஞ்சு அதிகாரி முறைப்படி சுவாதீனம் எடுத்துக்கொண்டது 1803 நவம்பர் 30ஆம் நாள். அமெரிக்காவிடம் ஒப்படைத்தது டிசம்பர் 20ஆம் நாள். இருபது நாள் சுவாதீனத்தை வைத்து ஒரு கிரயம்! இப்படி ஒரு கோப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தால், எங்கள் பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்திருப்பார். அது, கட்சிக்காரரை எழுந்துபோகச் சொல்வதற்கான அடையாளம்.

இதைவிடப் பெரிய வில்லங்கம், அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த ஓசேஜ், பானி, மாண்டன், லகோட்டா முதலிய மக்கள். அவர்கள் எந்தப் பத்திரத்திலும் கட்சியாகச் சேர்க்கப்படவில்லை. பிரெஞ்சுக்காரர் அந்நிலத்தின் பெரும்பகுதியைக் கண்ணால் கண்டதுகூடக் கிடையாது. அப்படியானால் அமெரிக்கா வாங்கியது என்ன? மற்ற ஐரோப்பிய அரசுகளை விலக்கிவிட்டு, அங்கிருந்த மக்களோடு பேரம் பேசவோ போரிடவோ தனக்கு மட்டுமே உள்ள உரிமையை வாங்கியது. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1823இல், ஜான்சன் எதிர் மெக்கின்டாஷ் வழக்கில், பூர்வகுடியினருக்கு உள்ளது குடியிருக்கும் உரிமை மட்டுமே, தனியாருக்கு விற்கும் உரிமை அவர்களுக்கு இல்லை, உடைமை கண்டுபிடித்த நாட்டையும் அதன் வாரிசான அமெரிக்காவையுமே சேரும் என்று எழுதி வைத்தது. பாட்டன் காலத்திலிருந்து வீட்டில் இருப்பவரை ஒரே தீர்ப்பில் வாடகைதாரராக்கிய கதை இது. அதன்பின் அந்த வாடகைதாரர்களைக் காலி செய்வதற்கு ஒப்பந்தங்கள் எழுதப்பட்டுக்கொண்டே இருந்தன. புதிய ஒப்பந்தம் போடும் வழக்கம் 1871இல் நிறுத்தப்படும் வரை, நாடு முழுவதற்குமாகச் செனட் ஏற்றவை ஏறத்தாழ 370. ஆகவே நீங்கள் படித்த மூன்று சென்ட் என்பது முழுக்கிரயம் அன்று, அட்வான்ஸ்.

சிகாகோவிலிருந்து டென்வருக்கு விமானத்தில் சென்றபோது, கீழே மணிக்கணக்காகக் கட்டம் கட்டமாகவே நிலம் தெரிந்தது. யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருந்தது. இயற்கையில் இப்படி இருக்குமா? — இல்லத்தரசி, செம்பூர்

அம்மையீர், கோடு போட்டது உண்மையாகவே ஆட்கள்தாம். அவர்கள் கையில் இருந்தது 66 அடி நீளச் சங்கிலி. 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி, ஒஹையோ ஆற்றங்கரையில் ஓரிடத்தில் தொடங்கி, மேற்கே போகப் போக நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாகப் பிரித்தார்கள். அப்படி ஒவ்வொரு பெரிய சதுரத்திலும் 36 கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அதைக் காலாகப் பிரித்தால் 160 ஏக்கர். இந்த 160 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாலும் வரும். பதினாறாம் எண் கட்டத்தைப் பள்ளிக்கூடச் செலவுக்கென்று ஒதுக்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அது நல்ல ஏற்பாடு.

அந்தச் சங்கிலி நமக்கும் உறவுதான். எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் பதினேழாம் நூற்றாண்டில் வகுத்த நூறு கண்ணிச் சங்கிலி அது. சென்னை மாகாணத்து நில அளவையிலும் அதுவே புழங்கியது. ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள், ஒரு சென்ட் என்றால் 435.6 சதுர அடி என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தக் கோணல் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட், ஆகவே ஒரு சென்ட் என்பது மிகச் சரியாக ஆயிரம் சதுரக் கண்ணி. சங்கிலிக் கணக்கில் அது முழு எண், அடிக்கணக்கில்தான் கோணல். தஞ்சாவூரில் வரப்பு ஆற்றையும் வாய்க்காலையும் பார்த்து வளைந்த பிறகு சங்கிலி வந்தது. நெப்ராஸ்காவில் சங்கிலி முதலில் வந்து, வரப்பு அதைப் பார்த்துப் போடப்பட்டது. நீங்கள் மேலிருந்து கண்ட வேறுபாடு அதுதான். மரம் உள்ள இடத்தில் மரத்தில் வெட்டி அடையாளம் வைத்தார்கள். மரமே இல்லாத புல்வெளியில் மண்ணைக் குவித்து மேடு கட்டினார்கள். பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்கும். அந்தப் பிழையைச் சரிக்கட்ட ஆங்காங்கே திருத்தக் கோடு போட்டார்கள். அம்பு விட்டதுபோல் வடக்கே ஓடும் கிராமச் சாலை, காரணமே இல்லாததுபோல் ஓரிடத்தில் பக்கவாட்டில் ஒடிந்து மீண்டும் நேராவதை அங்கே காரில் போனபோது கவனித்திருக்கலாம்.

நம் வருவாய்த் துறை அகராதியில் புறம்போக்கு என்றொரு சொல் உண்டு. வரி வராத நிலம் என்பதுதான் அதன் பொருள். ஆள் இல்லாத நிலம் என்பதன்று. ஆனால் கணக்குப் புத்தகத்தில் புறம்போக்கு என்று எழுதியபின், அங்கே மாடு மேய்ப்பவரும் குடிசை போட்டவரும் ஆக்கிரமிப்பாளராகிவிடுகிறார்கள். அமெரிக்க அரசு அந்தக் கட்டங்களைப் பொது நிலம் என்று பதிவேட்டில் ஏற்றியதும் இப்படித்தான் வேலை செய்தது.

செவ்விந்தியர் என்று எழுதலாமா, கூடாதா? — பள்ளி ஆசிரியர், டோம்பிவிலி

நான் எழுதுவதில்லை, தோல் நிறத்தைச் சொல்லி அழைப்பது நம்மிடையேயும் மரியாதை அன்று. பூர்வகுடி என்பது போதும். அதனினும் நல்லது செரோக்கி, லகோட்டா என்று அவரவர் பெயரையே சொல்வது. ஆனால் அமெரிக்கச் சட்டங்களில் இந்தியர் என்ற சொல்லே இன்றும் நிற்கிறது. அவர்களில் பலரும் தம்மை அப்படியே சொல்லிக்கொள்கிறார்கள். பழைய நூலில் அச்சொல்லைக் கண்டால் ஆசிரியர்மீது பாய வேண்டியதில்லை.

செரோக்கி மக்கள் எழுத்து, செய்தித்தாள், அரசியல் சட்டம் எல்லாம் வைத்திருந்தார்களாமே. அப்படியிருந்தும் ஏன் விரட்டப்பட்டார்கள்? நீதிமன்றம் போகவில்லையா? — கல்லூரி மாணவி, சயான்

போனார்கள் அம்மா, வென்றும் காட்டினார்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே மனத்தை மிகவும் உறுத்துவது இந்தப் பகுதிதான், ஆகவே சற்று நீட்டி எழுதுகிறேன்.

செக்கோயா என்ற செரோக்கியர், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், வெள்ளையர் தாளில் பேசிக்கொள்வதைப் பார்த்துத் தம் மொழிக்கும் அதைச் செய்ய முடியும் என்று ஆண்டுக்கணக்கில் முயன்று, 1821இல் ஓர் எழுத்துமுறையை முடித்தார். அதில் 85 எழுத்துகள். நம் உயிர்மெய்போல் ஒவ்வொன்றும் ஓர் அசையைக் குறிக்கும். சில ஆண்டுகளுக்குள் அந்த மக்களில் பெரும்பாலோர் அதைக் கற்றுக்கொண்டார்கள். 1827இல் எழுதப்பட்ட அரசியல் சட்டம் வந்தது. 1828இல் நியூ எச்சோட்டா என்ற தங்கள் தலைநகரில் இரண்டு மொழியிலும் ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார்கள். அதே காலத்தில்தான் ஜார்ஜியாவில் அவர்கள் நிலப்பகுதியில் தங்கம் இருப்பது தெரியவந்தது. 1830இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன், கிழக்கிலிருந்த பூர்வகுடியினரை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்புவதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். ஜார்ஜியா மாநிலமோ செரோக்கி நிலத்தை அளந்து, பயிர் நிலத்தை 160 ஏக்கர் மனைகளாகவும் தங்கம் உள்ள பகுதியை 40 ஏக்கர் மனைகளாகவும் பிரித்து, 1832இல் குலுக்கல் சீட்டுப் போட்டுத் தன் வெள்ளைக் குடிமக்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. செரோக்கியரின் முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் வாஷிங்டன் சென்றுவிட்டு 1835இல் வீடு திரும்பியபோது, அந்த வீட்டில் குலுக்கலில் அதை வென்ற வேறொருவர் குடியேறியிருந்தார்.

இதற்கு நடுவே 1832இல் உச்ச நீதிமன்றம், ஊஸ்டர் எதிர் ஜார்ஜியா வழக்கில், செரோக்கி எல்லைக்குள் ஜார்ஜியாவின் சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. எழுதியவர், 1823இல் அவர்களுக்குக் குடியிருக்கும் உரிமை மட்டுமே என்று எழுதிய அதே தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். தீர்ப்பை அவரே நிறைவேற்றிக்கொள்ளட்டும் என்று ஜாக்சன் சொன்னதாக ஒரு வாக்கியம் எங்கும் சுற்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே ஆய்வாளர் கருத்து. சொன்னாரோ இல்லையோ, தீர்ப்பு ஜார்ஜியாவைத் தடுக்கவில்லை.

இனி, பத்திரத்துக்கு வருகிறேன். 1835 டிசம்பரில் நியூ எச்சோட்டாவில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது; ஐம்பது லட்சம் டாலருக்குக் கிழக்கு நிலம் முழுவதையும் விட்டுக்கொடுப்பதாக. கையெழுத்திட்டவர்கள் மேஜர் ரிட்ஜ், அந்தச் செய்தித்தாளின் முதல் ஆசிரியரான எலியாஸ் பூடினோ முதலிய சிறு குழுவினர். எதிர்த்து நின்று பயனில்லை, போய்விட்டால் உயிராவது மிஞ்சும் என்று அவர்கள் உண்மையாகவே நம்பியிருக்கலாம். ஆனால் மக்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பவர் இல்லாதவர் எழுதிக் கொடுத்த கிரயம் எந்தச் சார்பதிவாளர் முன்னும் நிற்காது. ராஸ் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகளோடு ஆட்சேப மனு அனுப்பினார். செனட் 1836இல், தேவையான மூன்றில் இரண்டு பங்கை ஒரே ஒரு வாக்கில் எட்டி, ஒப்பந்தத்தை ஏற்றது. 1838இல் தளபதி வின்ஃபீல்டு ஸ்காட்டின் படை வீடு வீடாகப் போய் மக்களைத் திரட்டிக் கட்டைவேலி முகாம்களில் அடைத்து, மேற்கே அனுப்பியது. அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 16,000 பேர். முகாமிலும் வழியிலும் இறந்தோர் சுமார் 4,000 என்பது வழக்கமான மதிப்பீடு. மன்றத்தின் அனுமதியின்றி நிலத்தை விற்பவருக்கு மரண தண்டனை என்ற சட்டம் செரோக்கியரிடம் இருந்தது. ரிட்ஜும் அவர் மகனும் பூடினோவும் 1839 ஜூனில் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள்.

மாட்டுவண்டியில் ஆறு மாதம் பயணம் போன பெண்கள் எப்படிச் சமைத்தார்கள்? வரலாற்று நூல்களில் இதை யாரும் எழுதுவதில்லை. — வாசகி, மாட்டுங்கா

எழுதியிருக்கிறார்கள், அந்தப் பெண்களே நாட்குறிப்புகளில் எழுதி வைத்தார்கள். மிசூரியின் இண்டிபெண்டென்ஸ் ஊரிலிருந்து ஒரெகன் வரை ஏறத்தாழ 2,000 மைல். நாளொன்றுக்குப் பதினைந்து மைல் நகர்ந்தால் நல்ல நாள். வண்டியின் அகலம் நான்கு அடி, நீளம் பத்து அடி அளவில்தான். அதில் மாவு, உப்பிட்ட பன்றி இறைச்சி, காப்பிக்கொட்டை, சர்க்கரை, பீன்ஸ் மூட்டைகளை ஏற்றியபின் மனிதர் உட்கார இடம் ஏது? பெரும்பாலோர் நடந்தே போனார்கள். புல் முளைக்கும் முன் கிளம்பினால் மாட்டுக்குத் தீனி இல்லை. தாமதமாகக் கிளம்பினால் மலையில் பனி பிடித்துக்கொள்ளும்.

மரமில்லாத சமவெளியில் அடுப்புக்கு எரிபொருள், காட்டெருமையின் உலர்ந்த சாணம். முதல் நாள் முகம் சுளித்த பெண்கள், சில நாட்களில் முந்தானையில் அள்ளுவதுபோல் மேலங்கியில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். வறட்டியில் பால் காய்ச்சிய பாட்டிகளைப் பார்த்த நமக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை. காலையில் கறந்த பாலின் ஏட்டை வாளியில் ஊற்றி மூடி வண்டியில் தொங்கவிட்டால், மேடு பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி மாலைக்குள் வெண்ணெய் திரண்டுவிடும். மத்தும் வேண்டாம், கயிறும் வேண்டாம். அந்த நாட்குறிப்புகளில் வண்டித்தடத்தின் ஓரம் அன்று கண்ட புதைகுழிகளை எண்ணி எழுதும் வழக்கமும் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை காலரா கொன்றவர்களுடையவை. ஆற்றைக் கடக்கையில் மூழ்கியவர்களும், சக்கரத்தில் சிக்கிய குழந்தைகளும், தம் துப்பாக்கி தவறி வெடித்து இறந்தவர்களும் உண்டு. சினிமாவில் வண்டிகளைச் சுற்றிக் குதிரையில் வரும் தாக்குதல் எத்தனை அபூர்வம் என்பதற்கு ஒரு கணக்கு: 1840 முதல் 1860 வரை பூர்வகுடியினர் கையால் இறந்த பயணிகள் நானூறுக்கும் குறைவு, பயணிகள் கையால் இறந்த பூர்வகுடியினர் அதைவிடச் சற்று அதிகம்.

கௌபாய் காமிக்ஸ் படித்தே வளர்ந்தவன் நான். அதெல்லாம் பொய்யா? — அச்சக ஊழியர், தாராவி

முழுப் பொய் இல்லை. வட, தென் மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின் டெக்சாஸில் மலிவாகக் கிடைத்த மாடுகளைக் கான்சாஸ் ரயில் நிலையம் வரை ஓட்டிச் சென்ற கூலியாட்கள் அவர்கள். அந்தத் தொழில் செழித்தது இருபது ஆண்டுதான். கயிறு எறிதல் முதல் அகன்ற தொப்பி வரை அவர்கள் கற்றது மெக்சிகோ மாட்டுக்காரர்களிடம். நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது பரவலான மதிப்பீடு. உங்கள் காமிக்ஸில் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்தத் தொழிலை ஒழித்தது எந்த வில்லனும் அல்லன், 1874இல் ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்ற முள்கம்பி.

கலிஃபோர்னியா மெக்சிகோவிடமிருந்து வாங்கப்பட்டதா, பிடுங்கப்பட்டதா? — வாசகர், ஆன்டாப் ஹில்

பிடுங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். 1846இல் தொடங்கிய போர், 1848 பிப்ரவரி 2 அன்று எழுதிய உடன்படிக்கையில் முடிந்தது. கலிஃபோர்னியா உள்ளிட்ட பெரும் பரப்புக்கு மெக்சிகோ பெற்றது, லூயிசியானாவுக்குச் சொன்ன அதே ஒன்றரைக் கோடி டாலர். அதற்கு ஒன்பது நாள் முன்பு, ஜனவரி 24 அன்று, கலிஃபோர்னியாவின் கொலோமாவில் கட்டிக்கொண்டிருந்த மர அறுவை ஆலையின் கால்வாயில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைக் கண்டிருந்தார். கையெழுத்திட்டவர்களுக்கு அது தெரியாது. மெக்சிகோ நாட்டவரின் சொத்துரிமை மதிக்கப்படும் என்று உடன்படிக்கை சொன்னது. ஆனால் 1851ஆம் ஆண்டுச் சட்டம், பழைய நிலக்கிழார் ஒவ்வொருவரும் தம் உரிமையைத் தாமே நிரூபிக்க வேண்டும் என்றது. ஒரு வழக்கு முடியச் சராசரியாகப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. பட்டா உறுதியாவதற்குள் வக்கீல் கட்டணத்துக்கும் வட்டிக்கும் நிலம் கைமாறிவிட்டது. வென்றவன் தோற்றான் என்று நீதிமன்ற வளாகத்தில் நாம் சொல்வது இதைத்தான். அதே காலத்தில் அங்கிருந்த பூர்வகுடி மக்கள்தொகை, சுமார் ஒன்றரை லட்சத்திலிருந்து இருபது ஆண்டு அளவில் முப்பதாயிரத்தை ஒட்டிக் குறைந்தது. நோயும் பசியும் மட்டுமல்ல, மாநில அரசு பணம் கொடுத்த தன்னார்வப் படைகளும் காரணம்.

நம் போர் காட் ரயில் பாதை போட்ட அதே காலத்தில்தான் அமெரிக்காவில் கடலிலிருந்து கடலுக்குப் பாதை போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எது கடினமானது? — ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், கல்யாண்

எது கடினம் என்று சொல்லும் தகுதி உங்களுக்குத்தான் உண்டு. ஆண்டுகளை மட்டும் தருகிறேன். மும்பையிலிருந்து புனே போகும் வழியில் மலையேறும் போர் காட் பாதை 25 சுரங்கங்களோடு 1863இல் முடிந்தது. அதே ஆண்டில்தான் சாக்ரமென்டோவிலிருந்து கிழக்கே சென்ட்ரல் பசிபிக் கம்பெனி வேலையைத் தொடங்கியது. ஒமாஹாவிலிருந்து மேற்கே யூனியன் பசிபிக் வந்தது. இரண்டும் யூட்டாவின் ப்ராமன்டரி மேட்டில் 1869 மே 10 அன்று சந்தித்தன. மொத்தம் 1,776 மைல். சியரா நெவாடாவின் கருங்கல்லைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள். வெள்ளைத் தொழிலாளிக்குக் கூலியோடு சாப்பாடும் உண்டு. சீனர் தம் செலவில் சாப்பிட வேண்டும். 1867 ஜூனில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கம்பெனியின் சார்ல்ஸ் கிராக்கர் உணவு வரத்தை நிறுத்தி ஒரு வாரத்தில் அடக்கினார். 1869 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் பத்து மைல் தண்டவாளம் போட்டு ஒரு சாதனை செய்தார்கள். அன்று தண்டவாளத்தைத் தூக்கிய எட்டு ஐரிஷ்காரர் பெயர் ஏட்டில் இருக்கிறது, உடன் உழைத்த சீனர் பெயர் இல்லை. கர்ஜத்தில், மலையேறப் பின்னாலிருந்து தள்ளும் பேங்கர் எஞ்சினை மாட்டும் சத்தம் கேட்டு, சென்னை போகும் வண்டியில் வடாபாவ் தின்னும் நமக்கும் அந்த மலையில் காலராவில் மாண்டவர்கள் பெயர் தெரியாது.

மும்பைக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. இந்த ரயில் பாதைக்கான சட்டமும், 160 ஏக்கரை இலவசமாகத் தரும் குடியேற்றச் சட்டமும் 1862இல் அடுத்தடுத்து நிறைவேறின. அதற்கு முன் தென் மாநிலப் பிரதிநிதிகள் இரண்டுக்கும் முட்டுக்கட்டை போட்டார்கள். பாதை வடக்கே போவதா தெற்கே போவதா என்ற சண்டை தீரவில்லை. சிறு குடியானவர்கள் நிரம்பினால் அடிமைமுறை மேற்கே பரவாது என்ற அச்சமும் இருந்தது. 1861இல் அவர்கள் பிரிந்து போனதும் நாற்காலிகள் காலியாயின, சட்டங்கள் நிறைவேறின. அந்தப் பிரிவினையால் மூண்ட உள்நாட்டுப் போரால் தென் மாநிலப் பருத்தி இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் போகாமல் நிற்க, நம் பருத்திக்கு விலை ஏறி, பம்பாயில் பணம் கொட்டி, 1865இல் போர் முடிந்ததும் பங்குகள் கவிழ்ந்தன. ராஜாபாய் கோபுரத்துக்குப் பணம் கொடுத்த பிரேம்சந்த் ராய்சந்த் அந்த ஏற்றத்தின் நாயகர், இறக்கத்திலும் அவரே. நெப்ராஸ்காக் குடியானவரின் 160 ஏக்கரும் நம் கோபுரமும் ஒரே போரின் பிள்ளைகள்.

அந்த இலவச நிலத்துக்கு நிபந்தனை, ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட வேண்டும். கட்டணம் மொத்தம் 18 டாலர் அளவில். மணமாகாத பெண்களும் விதவைகளும் தம் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். பித்தலாட்டமும் நிறைய: பன்னிரண்டுக்குப் பதினான்கு அளவில் வீடு கட்டியதாகச் சத்தியம் செய்தவர்களின் வீடு, அடிக்கணக்கில் இல்லாமல் அங்குலக் கணக்கில் இருந்ததுண்டு. தென்மும்பைக் கட்டுமானங்களில் நான் பார்க்காத தந்திரம் இது ஒன்றுதான்.

ஓக்லஹோமாவில் ஓட்டப்பந்தயம் வைத்து நிலம் கொடுத்தார்களாமே! — இளைஞர், தானே

தத்கால் முன்பதிவு தெரியும் அல்லவா, தம்பி? அதேதான், குதிரைமேல். 1889 ஏப்ரல் 22 நண்பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லைக்கோட்டில் சைகை கொடுத்ததும், குதிரை, வண்டி, ரயில், நடை என்று சுமார் 50,000 பேர் இருபது லட்சம் ஏக்கருக்காகப் பாய்ந்தார்கள். காலையில் வெறும் புல்லாக இருந்த கத்ரி, மாலையில் பத்தாயிரம் பேர் கூடாரமடித்த ஊர். முதல் நாளே திருட்டுத்தனமாக நுழைந்து புதரில் படுத்திருந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு முந்திகள் என்ற பொருளில் வைத்த வசைப்பெயர், இன்று அந்த மாநிலத்தின் செல்லப்பெயராகிவிட்டது. அவர்கள்மீது தொடுத்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன.

பந்தயம் நடந்த நிலம், கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட கிரீக், செமினோல் மக்களுக்கு இனி உங்களுடையது என்று முன்பு கொடுத்து, உள்நாட்டுப் போருக்குப் பின் அவர்களிடமிருந்து மீண்டும் எழுதி வாங்கியது. பந்தயத்துக்கு இரண்டு ஆண்டு முன்பு, 1887இல், டாஸ் சட்டம் வந்திருந்தது. ஓர் இனத்தார் கூட்டாக வைத்திருந்த நிலத்தைக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று பாகப்பிரிவினை செய்து, மிச்சத்தை உபரி என்று சொல்லி வெளியாருக்குத் திறந்துவிட்டது அந்தச் சட்டம். பாகம் பிரிந்த சொத்து நிலைத்ததாக நம் குடும்பங்களிலேயே எத்தனை சொல்ல முடியும்? 1887இல் பூர்வகுடியினரிடம் இருந்தது சுமார் 13.8 கோடி ஏக்கர். 1934இல் அந்தக் கொள்கை கைவிடப்பட்டபோது எஞ்சியது 4.8 கோடி ஏக்கர்.

எடுத்துக்கொண்ட நிலத்தில் எதையாவது திருப்பிக் கொடுத்திருக்கிறார்களா? — வழக்கறிஞர், அந்தேரி

ஒரே ஒரு வழக்கைச் சொல்கிறேன். தொழில் முறையில் உங்களுக்குச் சுவைக்கும். 1868இல் லாரமி கோட்டையில் எழுதிய ஒப்பந்தம், இன்றைய தெற்கு டகோட்டாவின் கருமலைகளை லகோட்டா மக்களுக்கே உறுதி செய்தது. அதன் பன்னிரண்டாம் பிரிவு: வயது வந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திடாமல் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாது. இதைவிட நன்றாக நானும் எழுதியிருக்க மாட்டேன். 1874இல் கஸ்டர் என்ற ராணுவ அதிகாரியின் தலைமையில் சென்ற படை அங்கே தங்கம் இருப்பதாக அறிவித்தது. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரும் அவருடன் நின்றவர்களும் லகோட்டா முதலிய மக்களோடு நடந்த சண்டையில் அழிந்தார்கள். அந்தக் கோபத்தில் நாடாளுமன்றம், மலைகளை எழுதிக் கொடுக்கும் வரை உணவுப்பொருள் கிடையாது என்று நிபந்தனை விதித்தது. உணவுக்கு அரசை எதிர்பார்க்கும் நிலை அவர்களுக்கு ஏன் வந்தது என்றால், 1871 முதல் காட்டெருமைத் தோலை ஆலை இயந்திரங்களின் பெல்ட்டுக்கு ஏற்றபடி பதனிடும் முறை பரவி, கோடிக்கணக்கில் இருந்த அந்த விலங்கைத் தோலுக்காகவே சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 1880களின் முடிவில் மிஞ்சியவை ஏறத்தாழ ஆயிரம். பசியோடிருந்தவர்களிடம் வாங்கிய கையெழுத்து, பத்தில் ஒரு பங்கினருடையதுதான். நான்கில் மூன்று வேண்டிய இடத்தில் பத்தில் ஒன்று. இருந்தும் 1877 பிப்ரவரியில் அது சட்டமானது.

லகோட்டா மக்கள் 1920களிலேயே வழக்குத் தொடுத்தார்கள். 1980இல் உச்ச நீதிமன்றம், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்த நிலம் உரிய ஈடின்றி எடுக்கப்பட்டது என்று ஒப்புக்கொண்டு, 1877இன் மதிப்பான 1.71 கோடி டாலரோடு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வட்டியும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. மொத்தம் பத்துக் கோடி டாலருக்கு மேல். மலைகள் விற்பனைக்கு இல்லை, நிலத்தையே கொடுங்கள் என்று அவர்கள் பணத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். தொகை அரசுக் கணக்கில் வட்டியோடு வளர்ந்து, இன்று நூறு கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. அந்த மக்கள் வாழும் பகுதிகள் அமெரிக்காவின் மிக ஏழ்மையான வட்டாரங்களில் அடங்கும். ரசீதில் இன்னும் யாரும் கையெழுத்திடவில்லை.